ஜப்பானியப் பெயர்களில் கான்ஜியை வாசிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி சொல்லித்தரும் இத்தனை வருடங்களில், இலக்கணச் சந்தேகத்தைவிடப் பெயர்ச் சந்தேகம்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறது. படிக்கும் பிள்ளைகள், ஜப்பானிய நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், விருந்தினர் பட்டியல் தயாரிக்கும்போது ஒரு பெயரில் மாட்டிக்கொண்டு அவசரமாகப் போன் செய்பவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்து ஜப்பானிய மொழியில் புழங்கும் எழுத்து. அந்த எழுத்துகளைப் படமாகப் போடவில்லை, சொல்லால்தான் விவரித்திருக்கிறேன். ஜப்பானியர்கள் தொலைபேசியில் தங்கள் பெயரைச் சொல்வது இப்படித்தான். "ஆள் பக்கம், கூட 'வலது'" என்பார்கள். அதாவது எழுத்தின் இடப்பக்கம் 'ஆள்' உறுப்பு, கூடவே 'வலது' என்ற எழுத்து. கேட்பவர் கையில் எழுத்து வந்துவிடும். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தபடியே படியுங்கள். இன்னொன்று: சொல்லின் நடுவில் வரும் அழுத்தமான 'க', 'த' ஒலிகளை க்க, த்த என்று இரட்டித்து எழுதியிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

நாலு கான்ஜி வரிசையாக இருக்கிறது. இதில் எது குடும்பப் பெயர், எது அவருடைய பெயர்?

ஜப்பானிய எழுத்தில் எப்போதும் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால். நாலு எழுத்து என்றால் பெரும்பாலும் இரண்டு இரண்டாகப் பிரியும். மூன்று எழுத்து வந்தால்தான் சிக்கல். முதல் இரண்டும் குடும்பப் பெயராக இருக்கலாம், முதல் ஒன்று மட்டுமாகவும் இருக்கலாம்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரிசையை மாற்றிப் போடும் பழக்கம் நெடுநாளாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் ஜப்பான் அரசு தன் ஆவணங்களில் ஆங்கில எழுத்திலும் குடும்பப் பெயரையே முதலில் போடுகிறது. தனியார் விசிட்டிங் கார்டுகளில் இரண்டு வரிசையும் வரும். அதனால் கார்டின் கான்ஜிப் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எனக்கு ஆயிரம் கான்ஜிக்கு மேல் தெரியும். செய்தித்தாள் படிக்கிறேன். ஆனால் ஒரு சின்னப் பெயரை வாசிக்க முடியவில்லையே, ஏன்?

நீங்கள் படித்தது இரண்டு வகை ஒலி. ஓன்-யோமி என்பது சீனத்திலிருந்து எழுத்தோடு வந்த ஒலி. குன்-யோமி என்பது அந்த எழுத்தின் பொருளுக்கு ஜப்பானிய மொழியில் முன்பே இருந்த சொல். பெயர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்கு நானோரி என்று பெயர். பெயரைத் தவிர வேறெங்கும் அந்த ஒலி வராது. பாடப் புத்தகத்தில் இருக்காது, தேர்வில் கேட்க மாட்டார்கள்.

இப்போதைய பேரரசர் நருஹித்தோவின் பெயரையே பாருங்கள். முதல் எழுத்துக்கு 'அறம், நற்பண்பு' என்று பொருள். அகராதியில் அதன் ஒலி 'தொக்கு'. பெயரில் 'நரு'. இரண்டாவது எழுத்தின் பொருள் அன்பு, கருணை, வழக்கமான ஒலி 'ஜின்'. அரச குடும்பத்து ஆண்களின் பெயர்க் கடைசியில் அது 'ஹித்தோ' ஆகிறது. அவருடைய தம்பி மகன் ஹிசஹித்தோவின் பெயரில் வரும் 'ஹிசா', சாதாரணமாக 'யூ' என்று வாசிக்கும் எழுத்து. பாடம் படித்து மட்டும் இந்தப் பெயர்களுக்குள் நுழைய முடியாது. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகுவதுதான் வழி.

கஷ்டமான எழுத்துதான் இப்படியா? ஒன்று, இரண்டு போன்ற எளிய எழுத்தாவது ஒழுங்காக இருக்குமா?

எளிய எழுத்துதான் அதிகம் ஏமாற்றும். 'ஒன்று' என்ற எழுத்து ஒரே ஒரு படுக்கைக் கோடு. இச்சிரோ என்ற பெயரில் அது 'இச்சி'. கஸுவோ என்ற பெயரில் 'கஸு'. தனியாக நின்றால் பெரும்பாலும் 'ஹஜிமே', அதாவது தொடக்கம். ஹித்தோமி என்ற பெயரில் 'ஹித்தோ'. 'மூன்று' என்ற எழுத்து சபுரோவில் 'சபு', முன்னாள் பிரதமர் அபே ஷின்ஸோவின் பெயரில் 'ஸோ'. இப்படிப்பட்ட எளிய எழுத்துகள் பல பெயர்களில் புழங்கியவை. புழங்கப் புழங்க ஒலிகளும் சேர்ந்துகொண்டே போகும்.

ஜப்பானியர்களுக்காவது பார்த்ததும் தெரிந்துவிடுமா?

தெரியாது. பள்ளி விண்ணப்பம், மருத்துவமனைச் சீட்டு, வங்கிப் படிவம் எல்லாவற்றிலும் பெயருக்கு மேலே ஃபுரிகானா கட்டம் இருப்பது அதனால்தான். கான்ஜியின் ஒலியை, ஒலியை மட்டும் குறிக்கும் கானா எழுத்தில் சின்னதாக, பெயருக்கு உரியவரே அங்கே எழுதுவார். புது வகுப்பில் முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும் ஜப்பானிய ஆசிரியரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

இரண்டு பிரதமர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் பதவிக்கு வந்த கான் நவோத்தோ, 2020-இல் வந்த சுகா யோஷிஹிதே. இருவர் குடும்பப் பெயரும் ஒரே எழுத்துதான், கோரைப்புல் வகை ஒன்றைக் குறிப்பது. ஒருவருக்கு அது 'கான்', இன்னொருவருக்கு 'சுகா'.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒரு பயிற்சி முகாமுக்கு வந்த அம்மையாரின் பெயர் 'மகிழ்ச்சி' என்ற எழுத்தும் 'குழந்தை' என்ற எழுத்தும் சேர்ந்தது. நான் சச்சிக்கோ-சான் என்று கூப்பிட்டேன். 'சான்' என்பது யார் பெயருக்குப் பின்னாலும் சேர்க்கும் மரியாதைச் சொல். இரண்டு நாள் அப்படியே திரும்பிப் பார்த்தார், சிரித்தார், பதில் சொன்னார். மூன்றாம் நாள் அவருடைய சக ஊழியர் அவரை யுக்கிக்கோ-சான் என்று கூப்பிட்டதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டுமே அந்த எழுத்துகளுக்குச் சரியான வாசிப்புதான். ஆனால் அவர் பெயர் ஒன்றுதான். அன்று முதல் கேட்காமல் யார் பெயரையும் நான் வாசிப்பதில்லை.

ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்களே, எது சரியான எழுத்து?

அவரவர் பதிவேட்டில் இருப்பதுதான் சரி. ஹிதெக்கி என்ற பெயருக்கு, நன்றாக அறியப்பட்ட மூன்று பேர் போதும். 1949-இல் இயற்பியல் நோபல் பெற்ற யுக்காவா ஹிதெக்கியின் பெயரில் 'சிறந்து விளங்குதல்' என்ற எழுத்தும் 'மரம்' என்ற எழுத்தும் உண்டு. 2000-இல் வேதியியல் நோபல் பெற்ற ஷிரக்காவா ஹிதெக்கிக்கும் இரண்டாவது எழுத்து அதே மரம். முதல் எழுத்து மட்டும் வேறு, மேன்மையைக் குறிப்பது. இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரதமர் தோஜோ ஹிதெக்கிக்கு முதல் எழுத்து ஷிரக்காவாவுடையதே. இரண்டாவது மரம் அல்ல, 'பொறி, வாய்ப்பு' என்ற எழுத்து. காதுக்கு மூன்றும் ஒன்று, கண்ணுக்கு மூன்றும் வேறு.

ஆகவே ஒலி தெரிந்ததும் வேலை முடியவில்லை. "ஹிதெக்கி" என்று கணினியில் தட்டினால் வரிசையாகப் பல எழுத்துச் சேர்க்கைகள் வரும். முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், அது இன்னொருவருடைய பெயர்.

பெயர் முழுக்க ஹிரகனாவில் இருந்தால்?

ஹிரகனா ஒலியை மட்டும் குறிக்கும் கானா எழுத்து வகை, அதனால் அப்படியே வாசியுங்கள். சக்குரா, ஹிக்காரி போன்ற பல பெயர்கள் ஹிரகனாவிலேயே பதிவாகியிருக்கும். அதைக் கான்ஜிக்கு மாற்றி "அழகாக" எழுதிவிடாதீர்கள். பெற்றோர் யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு எந்தக் கான்ஜியை வேண்டுமானாலும் வைக்கலாமா?

1948 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. பொதுப் பயன்பாட்டு எழுத்துகள் என்ற ஜோயோ பட்டியலில் இப்போது 2,136 எழுத்துகள். அவை போக, பெயருக்கு மட்டும் கூடுதலாக அனுமதித்த ஜின்மெய்யோ பட்டியலில் 863. இந்த இரண்டிலும் இல்லாத எழுத்தைப் பதிவேட்டில் ஏற்க மாட்டார்கள். ஜின்மெய்யோ பட்டியல் 1951-இல் வந்தபோது அதில் இருந்தவை வெறும் 92. பெற்றோர் கேட்டுக் கேட்டு, சிலர் நீதிமன்றம் வரை போய், அது இவ்வளவு வளர்ந்தது. 2004-இல் மட்டும் ஒரே வீச்சில் 488 சேர்ந்தன.

பட்டியலில் இருந்தால் எதுவும் செல்லும் என்றும் இல்லை. 1993-இல் டோக்கியோவின் அக்கிஷிமா நகரில் ஒரு தம்பதி மகனுக்கு 'அக்குமா' என்று பெயர் கொடுத்தார்கள். சாத்தான் என்று பொருள். இரண்டு எழுத்தும் பட்டியலில் உள்ளவைதான். நகர அலுவலகம் தயங்கி நிறுத்த, விவகாரம் நீதிமன்றம் போய், நாடே அதைப் பற்றிப் பேசியது. கடைசியில் குழந்தைக்கு வேறு பெயர்தான் பதிவானது.

எழுத்துக்குச் சட்டம் இருக்கிறது, சரி. ஒலிக்கு இல்லையா? 'நிலா' என்று எழுதி 'ருனா' என்று வாசிக்கிறார்களே!

பல காலம் ஒலிக்குச் சட்டம் இல்லை. இதை நான் சொன்னால் பலரும் நம்புவதில்லை. கொசெக்கி எனப்படும் குடும்பப் பதிவேட்டில் பெயரின் எழுத்து மட்டும்தான் இருந்தது, வாசிப்பு இல்லவே இல்லை. அதனால்தான் நிலா எழுத்துக்கு லத்தீன் சொல்லிலிருந்து 'ருனா', குதிரைவீரன் என்ற எழுத்துகளுக்கு ஆங்கில 'நைட்' சொல்லிலிருந்து 'நைத்தோ' என்றெல்லாம் வைக்க முடிந்தது. இவற்றைக் கிரா-கிரா பெயர்கள், அதாவது மினுமினுக்கும் பெயர்கள் என்பார்கள்.

2025 மே 26 முதல் திருத்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இனிப் பதிவேட்டில் வாசிப்பும் ஏறும். அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கக்கூடிய வாசிப்பாக அது இருக்க வேண்டும். 'உயரம்' என்ற எழுத்தை வைத்துக்கொண்டு 'ஹிக்குஷி', அதாவது குட்டை, என்று பொருளைத் தலைகீழாக்குவதும், தரோ என்று எழுதிவிட்டு மைக்கேல் என்று வாசிப்பதும் ஏற்கப்படாது. ஏற்கெனவே உள்ளவர்களுக்கு உள்ளாட்சி அலுவலகங்கள் "உங்கள் பெயரின் வாசிப்பு இதுதானா?" என்று கேட்டுக் கடிதம் அனுப்பின.

இதனால் வாசிப்பு எளிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 'இதயம்' என்ற எழுத்தின் கொக்கோரோ என்ற ஒலியை வெட்டி வெறும் 'கொக்கோ' ஆக்குவது, 'சூரிய ஒளி' எழுத்தை 'ஹரு' என்று வாசிப்பது எல்லாம் தொடர்கின்றன. ஆண் குழந்தைப் பெயர்களில் பல வருடம் முன்வரிசையில் இருந்த ஒரு சேர்க்கை 'பெரிய' என்ற எழுத்தும் 'வானில் பறத்தல்' என்ற எழுத்தும். அதை ஹிரோத்தோ என்பார்கள், ஹருத்தோ என்பார்கள், யமாத்தோ என்றும் சொல்வார்கள்.

பெயர் 'கோ' என்று முடிந்தால் பெண்தானே?

'குழந்தை' என்ற எழுத்தில் முடிந்து 'கோ' என்று ஒலித்தால், இன்றைய பெயர்களில் கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான். பேரரசி மசாக்கோ, இளவரசி ஐக்கோ இருவர் பெயரிலும் அதே எழுத்து. பழங்காலத்தில் அப்படி இல்லை. 607-இல் சீனாவின் சுய் அரசவைக்குத் தூது போன ஓனோ நோ இமோக்கோ ஓர் ஆண். அவர் பெயரில் 'தங்கை' என்ற எழுத்தும் 'குழந்தை' என்ற எழுத்தும் இருப்பதால் என் வகுப்பில் எல்லோரும் ஒரு முறையாவது அவரைப் பெண்ணாக்கிவிடுவார்கள்.

தமிழில் எழுதும்போது நமக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. 'கெய்கோ' என்று எழுதினால், நடுவில் வரும் 'க' மெலிந்து ஒலிப்பது நம் வழக்கம். அப்படி ஒலித்தால் அது ஆணின் பெயர். பெண்ணின் பெயரில் அந்த ஒலி அழுத்தமானது, அதைக் 'கெய்க்கோ' என்று எழுத வேண்டும். நான் இங்கே இரட்டித்து எழுதுவது இதற்காகத்தான். கவோரு, மக்கோத்தோ, ஷினோபு, ஹிக்காரு போன்றவை இருபாலருக்கும் வரும். மின்னஞ்சலில் திரு, திருமதி போடுவதற்கு முன் யோசியுங்கள். 'சான்' என்று போட்டால் இந்தக் கவலையே இல்லை.

பாஸ்போர்ட்டில் 'யுக்கோ' என்று இருக்கிறது. அவர் யுக்கோவா, யூக்கோவா?

பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் பயன்படும், ஜப்பானிய ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் ஹெப்பர்ன் முறையில் நெடிலுக்குத் தனிக் குறி போட மாட்டார்கள். ஜப்பானிய மொழியிலோ குறிலும் நெடிலும் இரண்டு வேறு பெயர்கள். யுக்கி என்றால் ஒருவர், யூக்கி என்றால் இன்னொருவர். நமக்குக் குறில் நெடில் எழுத்திலேயே இருப்பது பெரிய வசதி, ஒலி தெரிந்தால் தமிழில் துல்லியமாக எழுதிவிடலாம். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்காமல் ஃபுரிகானாவைப் பார்த்துத் தமிழாக்குங்கள்.

சரி, ஒலியை விடுங்கள். ஒன்றுபோலவே இருக்கும் எழுத்துகளை எங்கே பார்த்துப் பிரிப்பது?

முதலில் இடது பக்கத்தைப் பாருங்கள். பல கான்ஜிகளில் வலது பாதி ஒலியைச் சொல்லும், இடது பாதி எதைப் பற்றியது என்று சொல்லும். 'நீலம்' என்ற எழுத்தை வலப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சூரியன் வந்தால் தெளிந்த வானம், பெயரில் பெரும்பாலும் 'ஹரு'. மூன்று நீர்த்துளி வந்தால் தூய்மை, 'கியோஷி'. 'நிற்றல்' என்ற எழுத்து வந்தால் அமைதி, 'யசுஷி'. மூன்றுக்கும் ஓன்-யோமி ஒன்றே, 'செய்'.

இடமும் முக்கியம். செங்குத்துக் கழியில் கொடி கட்டியதுபோல, ஆங்கில 'பி' மாதிரி ஓர் உறுப்பு உண்டு. அது இடது பக்கம் நின்றால் மேடு, குன்று. வலது பக்கம் நின்றால் ஊர். வடிவம் ஒன்று, பிறப்பு வேறு. 'சூரிய ஒளி' எழுத்தில் அது இடப்பக்கம். அடுத்த கேள்வியில் வலப்பக்கம் வருவதைப் பார்ப்போம்.

பேஸ்பால் வீரர் இச்சிரோவின் பெயரை எழுதினேன், 'தப்பு' என்றார்கள். இச்சிரோ என்றால் அதே எழுத்துதானே?

பெரும்பாலான இச்சிரோக்களுக்கு நீங்கள் எழுதியது சரி. தரோ, ஜிரோ, சபுரோ எல்லாவற்றிலும் வரும் 'ரோ', மகன் என்ற பொருள் தருவது. அதன் வலது பக்கத்தில் மேலே சொன்ன ஊர் உறுப்பு இருக்கும். ஆனால் சுஸுக்கி இச்சிரோவின் 'ரோ'வில் வலது பக்கம் 'நிலா' எழுத்து நிற்கிறது. உற்சாகம், தெளிவு என்று பொருள். இரண்டு எழுத்துக்கும் இடது பாதி ஒன்றே. ஒலியும் ஒன்றே. வலது பக்கத்தை மட்டும்தான் நம்ப முடியும்.

யூசுக்கே, யூக்கோ என்று வந்தாலே குழம்புகிறேன். மூன்று 'யூ'வும் ஒரே மாதிரி இருக்கிறது.

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது, பொறுமையாகப் பாருங்கள். முதல் 'யூ': துணிப் பக்கம், வலப்பக்கம் பள்ளத்தாக்கு. வளம், தாராளம் என்று பொருள். இரண்டாவது: தெய்வப் பக்கம், வலப்பக்கம் 'வலது' என்ற எழுத்து. தெய்வத் துணை. மூன்றாவது: ஆள் பக்கம், வலப்பக்கம் மறுபடியும் 'வலது'. உதவி.

தெய்வப் பக்கத்துக்கு நாலு கோடு, துணிப் பக்கத்துக்கு ஐந்து. வித்தியாசம் வலது ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சின்னக் கீற்று. அச்சில் பொடி எழுத்தாக வந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் இடது பக்கத்தை விட்டுவிட்டு வலது பாதியைப் பார்க்கச் சொல்வேன். கீழே 'வாய்' என்ற சதுர எழுத்து இரண்டிலும் உண்டு. அந்த வாய்க்கு மேல் ஓட்டுக்கூரை மாதிரி சாய்கோடுகள் இறங்கினால் பள்ளத்தாக்கு, அதாவது துணிப் பக்கத்து யூ. ஒரு படுக்கைக் கோட்டை ஒரு சாய்கோடு வெட்டிக்கொண்டு இறங்கினால் 'வலது'.

ஒரு கூட்டத்துக்கு மேசைப் பெயர்ப்பலகை அச்சிட்டபோது துணிப் பக்கத்து யூவுக்குப் பதில் தெய்வப் பக்கத்து யூ வந்துவிட்டது. விருந்தினர் வந்து உட்கார்ந்தார், பார்த்தார், அட்டையைத் திருப்பினார். பையிலிருந்து பேனா எடுத்து வெறும் பக்கத்தில் தன் பெயரைத் தானே எழுதி, எங்களைப் பார்த்தபடி நிறுத்தி வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம், துணிப் பக்கத்து எழுத்துக்கு 'ஹிரோ' என்ற வாசிப்பும் உண்டு. ஷோவா பேரரசர் ஹிரோஹித்தோவின் 'ஹிரோ' அதுதான். அதோடு 'குழந்தை' எழுத்து சேர்ந்தால் யூக்கோவாகவும் இருக்கலாம், ஹிரோக்கோவாகவும் இருக்கலாம்.

கத்சுமி என்ற பெயரில் 'மி' எழுத்து வளைந்து கிடக்கிறது. வாய் திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?

இரண்டு கத்சுமியும் உண்டு, அதுதான் கஷ்டம். இந்த வடிவத்தில் மூன்று எழுத்துகள். கடைசிக் கோடு எங்கே தொடங்குகிறது என்பதுதான் வித்தியாசம். நடுக்கோட்டு மட்டத்தில் தொடங்கி, மேல் இடது மூலை முழுக்கத் திறந்திருந்தால் 'தான், தன்' என்ற எழுத்து. மேல்கோடு வரை போய் முழுக்க மூடிவிட்டால் பாம்பு, பன்னிரண்டு விலங்கு வரிசையில் 2025-க்கு உரியது. பாதியில் நின்றால் 'ஏற்கெனவே' என்ற எழுத்து. பெயரில் அது அரிதாகவே கண்ணில் படும்.

தானும் 'மி', பாம்பும் 'மி'. 'வெல்லுதல்' என்ற எழுத்தோடு 'தான்' சேர்ந்தால் தன்னை வெல்பவன் என்று பொருள் கிடைக்கிறது, அதனால் அந்தச் சேர்க்கையைப் பெற்றோர் விரும்புகிறார்கள். அதற்காகப் பாம்பு வந்திருந்தால் 'எழுத்துப்பிழை' என்று திருத்திவிடாதீர்கள். பாம்பு வருடத்தில் பிறந்தவராக இருக்கலாம்.

சுபரு என்ற பெயரும் அக்கிரா என்ற பெயரும் ஒரே எழுத்தா?

இல்லை, ஆனால் ஜப்பானியர்களே மாற்றி எழுதிவிடும் ஜோடி இது. இரண்டுக்கும் மேலே சூரியன். கீழே இடது பக்கத்தில், சுபருவுக்கு ஒரு சாய்கோடு கூடுதல். கோடுகளை எண்ணினால் அக்கிரா, கோ, தக்காஷி என்றெல்லாம் வாசிக்கப்படும் எழுத்துக்கு எட்டு, 'உயர்ந்தெழுதல்' என்று பொருள். சுபருவுக்கு ஒன்பது. சுபருவின் கீழ்ப்பாதி விலங்கு வரிசையின் முயல் எழுத்து. முயல் தெரிந்தால் சுபரு என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

சுபரு என்பது வேறெதுவும் இல்லை, நம் கார்த்திகை நட்சத்திரம். அறுமீன் என்று நாம் சொல்லும் அதே கூட்டம். அந்தப் பெயர் கொண்ட கார் நிறுவனத்தின் சின்னத்திலும் ஆறு நட்சத்திரங்கள்தான். இதைச் சொன்ன பிறகு வகுப்பில் யாரும் அந்த எழுத்தை மறந்ததில்லை.

இதுபோல வேறு எவை? பட்டியலாகக் கொடுங்களேன்.

பெயரில் வருவதை மட்டும் சொல்கிறேன். மரத்தின் மேல் ஒரு கோடு சேர்ந்த இரண்டு எழுத்துகள்: மேல்கோடு நீளமானால் 'முடிவு', சுயெக்கோ என்ற பெயரின் 'சுயெ'. கீழ்க்கோடு நீளமானால் 'இன்னும் இல்லை', மிராய் என்ற பெயரின் 'மி'. எதிர்காலம் என்று வைத்த பெயரை முடிவு என்று மாற்றி எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்று யோசியுங்கள். 'மகிழ்ச்சி'யின் உச்சியில் இருக்கும் சிலுவையில் ஒரு கோடு குறைந்தால் அது 'துன்பம், காரம்' ஆகிவிடும். நான் சொன்ன யுக்கிக்கோவின் எழுத்து இதுதான்.

தக்காஷி என்ற பெயரில் வரும் 'பெற்றோரைப் பேணுதல்' எழுத்தின் கீழே குழந்தை இருக்கும். குழந்தை இல்லாமல் வளைவு மட்டும் இருந்தால் 'சிந்தனை'. தோரு என்ற பெயருக்கு உள்ள எழுத்துகளில் ஒன்றின் கீழே குழந்தையில் ஒரு படுக்கைக் கோடு குறைவாக இருக்கும். அந்தக் கோட்டைச் சேர்த்துவிட்டால் 'கியோ' என்ற வேறு எழுத்து. இன்னொரு தோருவுக்கு இடப்பக்கம் 'நடை' உறுப்பு. அங்கே 'கை' உறுப்பு வந்தால் அது 'அகற்றுதல்', பெயருக்கு ஆகாது.

ரின் என்ற பெயரை இரண்டு விதமாகப் பார்த்தேன். ஒன்று பிழையா?

பிழை இல்லை. வலது பக்கம் கீழே தானியம் இருக்கும் வடிவமும், 'காட்டுதல்' என்ற எழுத்து இருக்கும் வடிவமும் ஜின்மெய்யோ பட்டியலில் தனித்தனியாக உள்ளன. ஒரே எழுத்தின் இரண்டு உருவம். ஆனாலும் ஒருவருக்கு ஒன்றுதான் சொந்தம்.

குடும்பப் பெயர்களில் இது இன்னும் அதிகம். தக்காஹஷியின் 'உயரம்' எழுத்தில் நடுவில் வாய் இருக்கும் வடிவமும் உண்டு, ஏணிப்படிபோல் கோடுகள் நீண்ட வடிவமும் உண்டு. இரண்டாவதை ஹஷிகோ-தக்கா, ஏணி உயரம் என்றே அழைக்கிறார்கள். சைத்தோ என்ற பெயரில் வரும் 'சை' எழுத்துகளில் இரண்டு உண்மையில் வேறு வேறு சொற்கள், ஒன்று 'சமமாக, ஒருசேர', மற்றது 'நோன்பு, தூய்மை'. அவற்றின் பழைய வடிவங்களும் சேர்ந்து புழங்குகின்றன.

கணினியில் 'நவோத்தோ' என்ற பெயர் வேறு மாதிரித் தெரிகிறது. தப்பாகத் தட்டிவிட்டேனா?

எழுத்துரு சீனத்துடையதாக இருக்கும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் சீனம், ஜப்பான் இரண்டுக்கும் பொதுவான எழுத்துகளுக்கு ஒரே எண் கொடுத்திருக்கிறார்கள். 'நேர்' என்ற எழுத்தின் கீழே ஜப்பானிய வடிவில் இடப்பக்கம் ஒரு மடங்கிய கோடு இறங்கி வரும், சீன வடிவில் அடியில் படுக்கைக் கோடு மட்டும். ஜப்பானிய எழுத்துருவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் கட்டாயம் பாருங்கள்.

கையெழுத்து வேறுபாடு இன்னொரு விஷயம். ரெய்க்கோவின் 'ரெய்' அச்சில் நேர்கோட்டில் முடியும், கையால் எழுதும்போது பலரும் ஒரு சாய்ந்த புள்ளியில் முடிப்பார்கள். இரண்டும் ஒரே எழுத்துதான் என்று ஜப்பானின் பண்பாட்டு முகமை 2016-இல் வெளியான வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒரே சரித்திர மனிதருக்கு இரண்டு பெயர் வருகிறதே? தெய்க்கா, சதாயியே இருவரும் ஒருவரா?

ஒருவர்தான். ஃபுஜிவாரா நோ சதாயியே என்பது அந்தப் பழங்காலக் கவிஞரின் பெயர். அதே எழுத்துகளை ஓன்-யோமியில் வாசித்தால் தெய்க்கா. பெரியவர்களின் பெயரை மரியாதையாக ஓன் ஒலியில் சொல்லும் இந்த வழக்கத்துக்கு யூசொக்கு-யோமி என்று பெயர். கடைசி ஷோகன் தொக்குகாவா யோஷினோபுவைக் கெய்க்கி என்பதும், முதல் பிரதமர் இத்தோ ஹிரோபுமியை ஹக்குபுன் என்பதும் இப்படித்தான். இன்று உயிரோடிருக்கும் ஒருவர் பெயரை நாமாக இப்படி மாற்றி வாசிக்கக் கூடாது.

மொபைல் ஆப்பில் போட்டால் ஒலி வருகிறது. அதையே எழுதிவிடலாமா?

ஆப் சொல்வது அதிகம் பேருக்குப் பொருந்தும் வாசிப்பு. உங்கள் முன்னால் இருப்பவர் அந்த அதிகம் பேரில் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. யுக்கிக்கோ-சானை ஆப்பிடம் கேட்டிருந்தாலும் சச்சிக்கோ என்று சொல்லியிருக்கலாம். முதல் ஊகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழில் அச்சிடுவதற்கு வேண்டாம்.

பெயரை எப்படி வாசிப்பது என்று அவரிடமே கேட்டால் மரியாதைக் குறைவாகாதா?

ஆகவே ஆகாது. அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிப் பழகிய கேள்வி அது. கார்டை இரண்டு கையாலும் வாங்கி, பெயரைப் பார்த்து, "ஒநமாயெ வா நான் தோ ஒயோமி சுரு நோ தெஷோ கா" என்று கேளுங்கள். பெயரை எப்படி வாசிக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்பது. தொலைபேசியில் ஒலி மட்டும் தெரிந்து எழுத்து தெரியாவிட்டால் "டோனோ யோ நா ஜி ஓ ஒக்காக்கி நி நரிமாஸ் கா", எந்த எழுத்தில் எழுதுவீர்கள் என்று.

பதில் "நின்பென் நி மிகி" என்று வரும். நின்பென் ஆள் பக்கம், மிகி வலது. அல்லது "கொரோமொஹென் நி தானி", துணிப் பக்கமும் பள்ளத்தாக்கும். நீங்கள் தாளில் வரைந்துகொண்டே, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "ஹாய், சோ தெஸ்" என்று அந்தப் பக்கம் குரல் வந்ததும் பட்டியலில் எழுதுங்கள், மேலே ஃபுரிகானாவோடு.